பொது நிலம் கைமாறும் முன் நம்மையும் கேட்கிறார்கள்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: 5க்கு இரண்டரை. அமெரிக்காவில் மத்திய அரசின் பொது நிலத்தைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர் நிலத்தை அரசு வாங்கிக்கொள்வது உண்டு. அப்படி மாற்றுவதற்கு முன் ஒரு திட்டம் போட்டு, சுற்றுச்சூழல் ஆய்வு செய்து, பொதுமக்களிடம் கருத்தும் கேட்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கட்டணம் கிடையாது. குடியுரிமையும் கேட்பதில்லை. நான் விசாவில் இருந்தபோதே கடிதம் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள், பதிலும் எழுதினார்கள். இப்படி ஒன்று இருப்பதே இங்கே பத்து வருடமாகக் குடியிருக்கும் நம் மக்களில் பலருக்குத் தெரியாது, அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொது நிலம் என்றதும் நம்மூர்ப் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் பாதி சரி. ஆனால் அளவுதான் வேறு. பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது, ஃபாரஸ்ட் சர்வீஸிடம் இன்னொரு 19.3 கோடி ஏக்கர். இதில் நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம், மாடு மேய்க்க அனுமதி வாங்கலாம். சிக்கல் என்னவென்றால், பல இடங்களில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை மாதிரிக் கலந்து கிடக்கின்றன. 1860களில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று தானமாகக் கொடுத்ததன் மிச்சம் அது. ஒரு கட்டம், அதாவது ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். நடுவில் மாட்டிக்கொண்ட அரசு நிலத்துக்குப் போகவே வழி இருக்காது. அதைக் கொடுத்து இதை வாங்கி ஒரே பரப்பாகச் சேர்த்தால் எல்லோருக்கும் நல்லது, அந்த நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1976ல் வந்த சட்டமும் தெளிவாகத்தான் சொல்கிறது: இரண்டு நிலமும் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டும், மதிப்பு சமமாக இருக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் பணமாக ஈடுகட்டலாம், அதுவும் அரசு கொடுக்கும் நிலத்தின் மதிப்பில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக மாற்றுவது பொது நலனுக்கு உகந்தது என்று துறை தீர்மானிக்க வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது மேற்கு மாநிலம் ஒன்றில், சின்ன ஊர். வீட்டிலிருந்து இருபது நிமிடம் காரில் போனால் ஒரு ஓடை, அது வளையும் இடத்தில் இரண்டு பெரிய காட்டன்வுட் மரங்கள். என் மகள் நடை பழகியதே அந்த மணலில்தான் என்று சொல்லலாம். அந்த இடம் கைமாறப் போகிறது என்பதை நான் தெரிந்துகொண்ட விதம்தான் இந்தச் சேவையின் முதல் குறை. உள்ளூர் வாரப் பத்திரிகையில், கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் இறந்தவர் சொத்து அறிவிப்புகளுக்கும் நடுவில், எறும்பு எழுத்தில் ஒரு பத்தி. அதில் ஓடையின் பெயர் இல்லை, சாலையின் பெயர் இல்லை. டவுன்ஷிப் இத்தனை, ரேஞ்ச் இத்தனை, செக்‌ஷன் இத்தனை, அதில் தென்மேற்குக் காற்பகுதியின் வடகிழக்குக் காற்பகுதி, இவ்வளவுதான். நம்மூரில் சர்வே எண்ணும் உட்பிரிவும் போட்டு விளம்பரம் வருமே, அதே மாதிரி. காற்பகுதியின் காற்பகுதி என்றால் 40 ஏக்கர். அது எந்த 40 ஏக்கர் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு இரவு முழுக்க ஆனது. வரைபடத்தில் விரலை வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே போய், கடைசியில் விரல் நின்ற இடத்தில் ஓடை வளைந்திருந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

இந்த அறிவிப்பு சும்மா சம்பிரதாயம் இல்லை, தயவுசெய்து தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பி.எல்.எம். நிலப் பரிமாற்றத்துக்கான விதிப்படி வாரம் ஒரு முறை, தொடர்ந்து நான்கு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் போட வேண்டும், முதல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் பார்த்தது மூன்றாவது வாரம். மூன்றில் ஒரு பங்கு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

அடுத்த நாள் துறையின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மிகப் பொறுமையாகப் பேசினார், மாலையே பெரிய வரைபடம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார், எந்த நிலம் போகிறது, எது வருகிறது என்று நிறம் போட்டுக் காட்டியிருந்தது. முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய இடம் இது. பின்னாலும் நான் கேட்ட எந்தக் கேள்வியையும் அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சிலேயே எனக்கு இன்னொன்றும் புரிந்தது. இந்தப் பரிமாற்றம் பற்றி, அந்த நிலத்தைக் கேட்ட பண்ணையின் உரிமையாளரும் துறையும் பேச ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சாத்தியமா என்று பார்க்கும் அறிக்கை முடிந்து, இரண்டு தரப்பும் ஒரு தொடக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பத்திரிகையில் அறிவிப்பு வருகிறது. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது, யாரும் விலகலாம் என்பது உண்மைதான். ஆனாலும் நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? எந்த நிலத்துக்கு எந்த நிலம் என்ற அடிப்படை அதற்குள் முடிவாகிவிடுகிறது. செலவிலும் பெரும் பகுதியைப் பரிமாற்றம் கேட்பவரே ஏற்பது சகஜம், ஆய்வு எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்கான பணம் உட்பட. துறையில் ஆள் குறைவு, அதனால் அப்படிச் செய்கிறார்கள், எனக்கும் புரிகிறது. ஆனாலும் பொதுமக்கள் உள்ளே நுழையும்போது மேஜை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

வரைவு ஆய்வறிக்கை வந்தது. நல்ல உழைப்பு, அதை மறுக்க மாட்டேன். பறவைகள், பழங்குடிகளின் தொல்லியல் சின்னங்கள், நீர் உரிமை, மேய்ச்சல், கனிம வளம், வரும் நிலத்தில் பழைய ரசாயனக் குப்பை ஏதாவது புதைந்திருக்கிறதா என்பது வரை பார்த்திருந்தார்கள். இரண்டு பத்திகளாக ஒரு அட்டவணை, கொடுப்பது இவ்வளவு, வாங்குவது இவ்வளவு. சதுப்பு நில வரிசையில் வாங்கும் பக்கம்தான் கணிசமாக அதிகம். படித்ததும் எனக்கே சந்தேகம் போய்விட்டது, சரி நல்ல பேரம்தான் போல என்று.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நீரியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் போய்ப் பார்க்கலாம் வா என்றார். ஜூன் மாதம், வரும் நிலங்களில் சாலையை ஒட்டியிருந்த இரண்டை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அட்டவணையில் சதுப்பு என்று இருந்ததில் ஒன்று மாடுகளுக்காக வெட்டிய குட்டை. தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது, நடுவில் ஒரு பழைய டிராக்டர் டயர். கரையில் நாணல் ஒரு கொத்துகூட இல்லை. நம் ஓடை வளைவிலோ அதே ஜூனில் கணுக்கால் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் அட்டவணையில் ஒரே பெயரில், ஏக்கர் ஏக்கராகக் கூட்டப்பட்டிருந்தன! தேதி, இடக்குறிப்பு எல்லாம் போட்டுப் படங்களோடு நான்கு பக்கக் கடிதம் அனுப்பினோம்.

இனி சொல்லப் போவதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் நம் கடிதத்துக்கு ஒரு எண் கொடுத்து, பத்தி பத்தியாகப் பிரித்துப் பதில் எழுதியிருந்தார்கள். சதுப்புக் கணக்கைத் திருத்தியிருந்தார்கள். ஓடைக் கரையோரம் பொதுமக்கள் நடந்து போகும் உரிமையைப் பத்திரத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்தார்கள், அதை எங்களோடு சேர்த்து இன்னும் பலர் கேட்டிருந்தார்கள். பரிமாற்றம் நிற்கவில்லை. மரங்கள் இப்போது தனியார் நிலத்தில் இருக்கின்றன. ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் இன்றைக்கும் நான் நடக்கலாம், யாரும் துரத்த முடியாது. நான்கு பக்கக் கடிதத்துக்கு அது சின்னப் பலன் இல்லை.

குறைகளில் என்னை மிகவும் உறுத்தியது விலை விஷயம். நாங்கள் கருத்துச் சொல்ல வேண்டிய அந்த நாட்களில் நில மதிப்பீட்டு அறிக்கை எங்கள் கையில் இல்லை. முடிவு அறிவித்த பிறகுதான் பார்க்கக் கிடைத்தது. சம மதிப்பு என்பதுதான் சட்டத்தின் அடித்தளம், அந்த ஒரு தாளை மட்டும் ஒளித்துவைத்துவிட்டு மற்ற ஆயிரம் தாளையும் காட்டினால் என்ன பயன்? முடிவை எதிர்த்து மனுக் கொடுக்க 45 நாள் இருக்கிறது, ஆனால் அது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வழக்கு போதும். கலிபோர்னியாவின் இம்பீரியல் கவுன்டியில், மெஸ்கீட் என்ற இடத்தில் மாபெரும் குப்பைக் கிடங்கு அமைக்க ஒரு சுரங்க நிறுவனம் 1,700 ஏக்கருக்கு மேல் பொது நிலத்தைப் பரிமாற்றத்தில் கேட்டது. அந்த நிலத்தை மதிப்பிட்டவர்கள் திறந்தவெளி, சுரங்கத்துக்கு ஒத்தாசை, வனவிலங்கு வாழிடம் என்ற வகையில் வைத்து ஏக்கருக்கு 350 டாலர் என்று போட்டார்கள். வாங்குகிறவர் குப்பைக் கிடங்கு கட்டத்தான் வாங்குகிறார், அது ஊருக்கே தெரியும், ஆனால் மதிப்பீட்டில் குப்பைக் கிடங்கு என்ற பயன்பாடே கணக்கில் வரவில்லை! நம்மூரில் கிரயப் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தைப் பேசாமல் விடுவார்களே, படித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. 2000ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மதிப்பீடு செல்லாது என்றது. அதே வருடம் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. வெளியிட்ட அறிக்கை இன்னும் கடுமை. பி.எல்.எம்., ஃபாரஸ்ட் சர்வீஸ் இரண்டின் பரிமாற்றங்களையும் பார்த்துவிட்டு, இந்தத் திட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று எழுதினார்கள். நிறுத்தவில்லை. 2003ல் மதிப்பீட்டு வேலையை பி.எல்.எம். கையிலிருந்து எடுத்து, அதற்கு மேலிருக்கும் உள்துறையின் (இன்டீரியர்) தனி அலுவலகத்திடம் கொடுத்தார்கள், அது ஒரு முன்னேற்றம். ஆனால் அறிக்கையை நேரத்தோடு காட்டுவது அதனால் நடந்துவிடவில்லை.

நிலம் கைமாறிய பிறகு அங்கே என்ன நடக்கும் என்பதை எழுதும் பகுதியையும் கவனமாகப் படியுங்கள். அரிசோனாவில் ரே செப்புச் சுரங்கத்துக்கான பரிமாற்றத்தில் பி.எல்.எம். என்ன சொன்னதென்றால், நிலம் அரசிடம் இருந்தாலும் கம்பெனியிடம் போனாலும் சுரங்கம் ஒரே மாதிரிதான் நடக்கும், அதனால் பாதிப்பை ஒப்பிடத் தேவையில்லை. உண்மையில் அரசு நிலமாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், சொந்த நிலமானால் அந்தக் கேள்வியே எழாது. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்த மாதிரி ஒரு வரி எந்த அறிக்கையிலும் ஒளிந்திருக்கலாம். எங்கள் அறிக்கையிலும், பண்ணை இப்போது இருப்பதைப் போலவே தொடரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது, என்று ஒரு வாக்கியம் இருந்தது. எதிர்பார்ப்பது யார், எதை வைத்து? பத்திரத்தில் எழுதாத எதிர்பார்ப்பை அடுத்த உரிமையாளர் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மாற்று வழிகள் பகுதி பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும். பரிமாற்றம் செய்வது, செய்யாமல் இருப்பது, முடிந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஹக்கிள்பெரி பரிமாற்றத்தை எதிர்த்து மக்கிள்ஷூட் பழங்குடியினர் போட்ட வழக்கில் 1999ல் இதே ஒன்பதாவது சர்க்யூட்தான், நிலத்தைக் காசு கொடுத்து வாங்குவதையும், கொடுக்கும் நிலத்துக்குப் பத்திரத்தில் கட்டுப்பாடு போடுவதையும் ஏன் ஆராயவில்லை என்று கேட்டது. ஆகவே உங்கள் கடிதத்தில் அந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் அது பதிவில் இருக்கும், கேட்காத கேள்வியை அப்புறம் நீதிமன்றத்தில் யாரும் எழுப்புவது கஷ்டம்.

இந்தச் சேவை மொத்தமாகத் தோற்றுப்போகும் இடமும் உண்டு. அரிசோனாவில் ஓக் ஃபிளாட். சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களுக்குப் புனிதமான இடம். 2014 டிசம்பரில் ராணுவச் செலவு மசோதாவோடு சேர்த்து நிறைவேற்றிய ஒரு பிரிவில், 2,422 ஏக்கர் வன நிலத்தை ரெசொல்யூஷன் காப்பர் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும், இறுதி ஆய்வறிக்கை வெளியான 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பதிலுக்கு 5,000 ஏக்கருக்கு மேல் கிடைக்கும், ஏக்கர் கணக்கில் லாபம் மாதிரித்தான் தெரியும். அதே ஆய்வறிக்கை சொல்கிறது, அடியிலிருந்து தாதுவை உருவி எடுப்பதால் தரை உள்வாங்கி, சுமார் 1.8 மைல் அகலத்துக்கு, 800 முதல் 1,115 அடி ஆழத்துக்குப் பள்ளம் உண்டாகும். அறிக்கையில் எவ்வளவு உண்மை எழுதினாலும் பரிமாற்றம் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் எழுதுகிறவருக்கு இல்லை. 2025 ஜூனில் அறிக்கையை மறுபடி வெளியிட்டார்கள், ஆகஸ்டில் நிலம் கைமாற இருந்த கடைசி நேரத்தில் நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தியது. ஒரு சமூகம் தன் கோயிலுக்காக இப்படி நாள் எண்ண வேண்டியிருந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2023ல் வந்த சட்டத்தால் பெரிய ஆய்வறிக்கைக்கு 150 பக்கம், ரொம்பவும் சிக்கலானதென்றால் 300 பக்கம், சின்ன ஆய்வுக்கு 75 பக்கம் என்று வரம்பு. பின்னிணைப்பு அதில் சேராது, அதனால் முக்கியமானதெல்லாம் இப்போது பின்னிணைப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதைத் திறக்காமல் விடாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்த ஆய்வுகளில் துறைகள் எடுக்கும் முடிவுகளுக்கு நீதிமன்றங்கள் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் உள்துறை தன் நடைமுறையை மாற்றியது, வரைவு அறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்பது முன்போல் கட்டாயம் இல்லை. எங்களுக்கு அந்தச் சதுப்புக் கணக்கு கிடைத்ததே வரைவில்தான். அது கிடைக்காத பரிமாற்றத்தில், வற்றிப்போன குட்டை கடைசிவரை சதுப்பாகவே இருந்திருக்கும். நான் மதிப்பெண்ணை மூன்றரையிலிருந்து இரண்டரைக்கு இறக்கியதற்கு இதுதான் காரணம்.

நிலப் பரிமாற்ற விதியில் இருக்கும் அந்த எறும்பு எழுத்து அறிவிப்பும் அதற்கான 45 நாளும் இந்த ஆய்வு நடைமுறையிலிருந்து தனி. அந்த அறிவிப்பை விட்டுவிட்டால் பிறகு வாய்ப்பு வரும் என்று இனி நம்ப முடியாது. அதனால் இப்போதெல்லாம் வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் நான் முதலில் திருப்புவது சட்ட அறிவிப்புப் பக்கத்தைத்தான். போன வாரம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஓடைக்கு வடக்கே, மலையடிவாரத்தில், மூன்று காற்பகுதிகள். நான்கில் முதல் அறிவிப்பு இது, வெட்டிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, நாள்களை எண்ணிக் கீழே எழுதிவைத்திருக்கிறேன். மதிப்பீட்டு அறிக்கையை இப்போதே காட்டுங்கள் என்று முதல் கடிதம் போய்விட்டது. சனிக்கிழமை நானும் ஆசிரியரும் அந்த நிலத்தைப் பார்க்கப் போகிறோம்.